ஷிப்ட் வீட்டு நாய்

கம்பெனியில் எனக்குச் சம்பளம் கொடுப்பது குறை கண்டுபிடிப்பதற்காக. வண்டிகளுக்குப் போகும் இரும்புப் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்து வைப்பேன். வீட்டில் இதே வேலையை என் மனைவி பார்க்கிறாள். அங்கே பரிசோதனைக்கு வரும் பாகம் ஒன்றே ஒன்றுதான். அது இன்றுவரை ‘ஆகும்’ பக்கம் போனதில்லை.

அவளும் வேலைக்குப் போகிறவள். செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. என் ஷிப்ட் மாறும் கிழமை வேறு, அவள் ஷிப்ட் மாறும் கிழமை வேறு. மகள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு, ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடி வாடகை வீட்டில் நாங்கள் குடித்தனம் நடத்தினோம் என்பதைவிட, ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டைக் காவல் காத்தோம் என்பதே சரி. சில வாரங்களில் அவள் தன் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதை என் கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கையாட்டுவேன். அவள் கவனிக்க மாட்டாள். கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பக்கத்து சீட்டுப் பெண்கள் கேலி செய்வார்களாம்.

இந்தக் காவலுக்கு மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தவள்தான் எங்கள் நாய்.

சர்வீஸ் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடைப் பலகைக்கு அடியில் குட்டியாகக் கிடந்தாள். நல்ல மழை. நான் இரக்கப்பட்டுத் தூக்கி வந்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். நடந்தது என்னவென்றால், பஸ்ஸிலிருந்து இறங்கிய என் ஷூ கயிற்றைக் கவ்விக்கொண்டு அவள் விடவில்லை. உதறிப் பார்த்தேன். டீக்கடைக்காரர், “சார், அது உங்கள விடாது, நீங்களே ஒத்துக்கங்க” என்றார். ஒத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த மனைவி கீழே பார்த்தாள்.

“இன்னா இது?”

“நாய்.”

“அது தெரியுது. இன்னாத்துக்கு?”

“துணைக்கு.”

“யாருக்குத் துணை? நான் இருக்கறப்ப நீங்க இல்ல. நீங்க இருக்கறப்ப நான் இல்ல.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

உள்ளே போனாள். பிறகு நான் சாப்பிடும் தட்டில் பாலை ஊற்றி வைத்தாள். அன்றிலிருந்து எனக்கு வேறு தட்டு.

நாய்க்குப் பெயர் இல்லாமலில்லை. மனைவி ஒன்று சொல்லி அழைத்தாள், நான் ஒன்று, மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா தெலுங்கில் ஒன்று. எதற்கும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் காது கொடுத்தது பஸ் ஹாரனுக்கு மட்டும். நெடுஞ்சாலையில் ஓடுகிற அத்தனை லாரிக்கும் காருக்கும் நடுவே எங்கள் இரண்டு கம்பெனி பஸ்களின் ஹாரனையும் பிரித்துத் தெரிந்துகொண்டாள். மனைவியின் பஸ் என்றால் கேட்டுக்கு ஓட்டம். என் பஸ் என்றால் எழுந்து உட்காருவதோடு சரி. நான் உள்ளே வந்ததும் ஒரு முறை என் சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்ப்பாள். காலி என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொள்வாள். காலி வீட்டுக்கு வந்து, நாமே விளக்கைப் போட்டு, ஆறின குழம்பைச் சுட வைத்துத் தின்ற வருஷங்களுக்குப் பிறகு, நம் டப்பாவை ஒருவர் சோதித்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஷிப்ட் போகிறவனுக்குத்தான் தெரியும்.

நன்றாக வளர்ந்த பிறகு, ஒரு காலையில், கேட்டருகே நின்றிருந்தவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கால்கள் நான்கும் விறைத்து உதறின. வாயில் நுரை. கண் எங்கேயோ போய்விட்டது. நான் பக்கெட்டும் கையுமாக நின்றேன். எதற்குப் பக்கெட் என்று இன்றுவரை தெரியவில்லை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா ஓடிவந்தார்.

“இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? வலிப்பு. இரும்பு குடுங்க, இரும்பு.”

இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து நாயின் முன்னங்காலில் வைத்தார். மனிதர்களுக்கு வலிப்பு வந்தால் சாவியைக் கையில் பிடிக்கக் கொடுப்பார்கள். நாய்க்குப் பிடிக்கக் கை ஏது? சாவி விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடி விழுந்தது. கடைசியில் பாதத்தின் மேல் சாவியை வைத்துத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “லேம்மா, லே” என்று தெலுங்கில் எழுந்திருக்கச் சொன்னார். நாய் தானாக அடங்கியது. சாவிதான் வேலை செய்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்போது எனக்கும் இல்லை. அன்று முழுக்க மாடி வீட்டின் உபரிச் சாவி ஒன்று எங்கள் வீட்டு நாயின் கழுத்தில் தொங்கியது.

ஓசூரில் நாங்கள் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். சாவியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கழற்றி என் கையில் கொடுத்தார்.

“இது முழுசாப் போகாது சார். மாத்திரை போட்டா கட்டுல இருக்கும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வேளை தவறக் கூடாது. விட்டாலும் கஷ்டம், சேத்துக் குடுத்தாலும் கஷ்டம். வீட்ல யாராவது எப்பவும் இருப்பீங்க இல்ல?”

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“இருப்போம் டாக்டர்” என்றாள் மனைவி. “யாருன்னுதான் சொல்ல முடியாது.”

மாலை வேளையில் சிக்கல் இல்லை. அப்போது ஒருவர்தான் வீட்டில் இருப்போம், அவர் கொடுத்தால் போதும். தகராறு காலையில்தான். ஒருவர் இருட்டோடு கிளம்பிப் போவார், ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்ததும், கொடுத்தாயிற்றா இல்லையா என்று குழப்பம். போன் செய்து கேட்கலாம் என்றால், இரண்டு கம்பெனியிலும் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால்தான் கையில் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்கிற நாள்களில் வீட்டில் எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. கம்பெனியில் பார்த்து முடித்த பாகத்துக்கு ஒரு அட்டை டேக் கட்டுவோம். அதேபோல, காலை மாத்திரையைக் கொடுத்தவர் நாயின் கழுத்துப் பட்டையில் ஒரு டேக் கட்ட வேண்டும். அதைப் பார்த்தால் இன்னொருவர் கொடுக்கக் கூடாது. இரவில் படுக்கப் போகும்போது கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். மனைவிகூட, “பரவால்லயே, கம்பெனியில இன்னாவோ கத்துகினுதான் இருக்கீங்க” என்றாள். நான் அந்த வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

கொஞ்ச காலம் ஒழுங்காகப் போனது. வலிப்பு நின்றது. பிறகு எனக்கு முதல் ஷிப்ட்டும் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட்டும் சேர்ந்து வந்தன. நான் விடிவதற்கு முன் கிளம்புவேன். நள்ளிரவு தாண்டி வந்து படுத்தவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் மாத்திரையைத் தயிர்சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்து, டேக் கட்டிவிட்டு ஓடுவேன்.

அந்த நாள்களில்தான் நாய் மங்கத் தொடங்கினாள். மதியம் நான் வீட்டுக்கு வந்தால் டப்பாவை மோந்து பார்க்க வரவில்லை. எழுந்து நின்றால் பின்னங்கால் தள்ளாடியது. தண்ணீர்த் தட்டுக்குப் போகிற வழியில் சுவரில் இடித்துக்கொண்டாள். ஒரு மாலை மனைவியின் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது, காது அசையவில்லை.

வியாதி முற்றிவிட்டது என்று நினைத்தோம். மனைவி காலையில் தூக்கக் கலக்கத்திலேயே அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். மேல்வீட்டுக்காரம்மா திருஷ்டி கழித்துப் பூசணிக்காய் உடைத்தார். மாத்திரை அட்டை சீக்கிரம் தீர்வதுகூட என் கண்ணில் பட்டது. மனைவி எங்கேயாவது எடுத்து வைத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் பாகத்தைத் தூக்கிப் போடுகிற ஆள் நான்.

டாக்டர், “மாத்திரை ஜாஸ்தியாப் போன மாதிரி இருக்கே” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில் இல்லை என்றோம். வெளியே வந்ததும் மனைவி என்னிடம் கேட்டாள்.

“சாயங்காலம் நெசமாவே ஒண்ணுதான குடுக்கறீங்க?”

“ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா?”

“தெரியும். வீட்டு வாசப்படில எத்தன படின்னு கேட்டா முழிப்பீங்க.”

என் வாராந்திர விடுமுறை நாள் வந்தது. வழக்கம்போல இருட்டிலேயே எழுந்து மாத்திரை கொடுத்து டேக் கட்டிவிட்டு, கூடத்தில் பாயைப் போட்டு மறுபடி படுத்தேன். தூக்கம் வரவில்லை. வெளிச்சம் வந்த பிறகு நாய் தள்ளாடிக்கொண்டே போய் அறைக் கதவைப் பிராண்டியது. மனைவி வெளியே வந்தாள். கண் முக்கால்வாசி மூடியிருந்தது. நாய் அவள் முழங்காலில் கழுத்தைத் தேய்த்தது. அவள் கை கீழே போனது. தலையைத் தடவியது. பிறகு பட்டையில் இருந்த டேக்கைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தது. அவள் அப்படியே நடந்து சமையலறைக்குப் போகிற வழியில் குப்பைக் கூடையில் அதைப் போட்டாள். ஒரு முறைகூடக் கையைப் பார்க்கவில்லை.

அவள் லைனில் அப்படித்தான். இருக்கைக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, முந்தைய ஷிப்ட் ஆள் பாகத் தட்டில் மாட்டிவிட்டுப் போன டேக்கைப் பிய்த்துக் கூடையில் போடுவது. அதைச் செய்தால்தான் அவள் ஷிப்ட் தொடங்கும். எத்தனையோ வருஷமாக அந்தக் கை அதைச் செய்கிறது. நாயின் கழுத்தில் நான் மாட்டியதும் கம்பெனி டேக்கின் தம்பிதான்.

டீயைக் குடித்துக் கண் முழுதாகத் திறந்த பிறகு வெளியே வந்தாள். நாயைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். பாயில் கிடந்த என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, உங்களுக்கு லீவுன்னா மாத்திரைக்கும் லீவா? டேக் கட்டல, ஒண்ணும் கட்டல. தெனமும் இதே கத. ஓடற ஓட்டத்துல மறந்துடறீங்க, நான்தான் குடுத்துட்டு டேக் கட்ட வேண்டியதா இருக்குது.”

அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து அமுக்கப் போனாள். நான் எழுந்து போய்க் குப்பைக் கூடையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். வெங்காயச் சருகுக்கு மேலே டேக் கிடந்தது. பக்கத்தில் நேற்றைய டேக். அதற்குக் கீழே கசங்கி இன்னும் இருந்தன.

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. பல் வலிக்கு நடுவே யாராவது கிச்சுகிச்சு மூட்டினால் வருமே, அது. மனைவி சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடையதோ வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி.

“நானா பிச்சேன்?”

“உன் கை.”

“எனக்குத் தெரியவே தெரியாதுங்க.”

“தெரிஞ்சா பிப்பியா?”

நாய் வந்து அவள் மடியில் தலையை வைத்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் அளவைச் சரிசெய்தார். கூடுதலாகப் போனதை நிறுத்தும்போது வலிப்பு திரும்பி வரலாம், கவனமாக இருங்கள் என்றார். வந்தது. முன்பைவிட வலுவாக வந்தது. ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் இன்னொன்று. எங்களில் ஒருவர் எப்படியோ வீட்டில் இருந்தோம், லீவு போட்டு, ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, சூப்பர்வைசரிடம் பொய் சொல்லி. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொன்னேன். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகிறது. போகும்போது அவருக்கு என் மேல் இருந்த நல்ல எண்ணம் அதிகமில்லை, அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

ஒரு நாள் மனைவி சொன்னாள்:

“நம்ம வூட்டுல இருந்தா இது செத்துப் போயிடும்.”

“இனிமே டேக் வேணாம். வேற மாதிரி பண்ணலாம்.”

“டேக்குல இல்லைங்க. என் கையி மேல எனக்கு நம்பிக்க போயிடுச்சு. நாளைக்கு அது இன்னா பண்ணுமோ. தம்பிகிட்ட விட்டுடலாம். அங்க யாருக்கும் ஷிப்ட்டு கெடையாது. மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரம் என்னிக்காவது மாறியிருக்குதா?”

அவள் தம்பி காவேரிப்பட்டினம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவன். மாந்தோப்பு, கொஞ்சம் நெல், மாடுகள். நல்லவன். நாயை வாடகைக் காரில் கொண்டுபோய் இறக்கினோம். அவன் மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “பால் கறந்துட்டு ஒண்ணு, சாயங்காலம் பால் கறந்துட்டு ஒண்ணு. மாடு மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் மாமா” என்றான். மனைவி காரைவிட்டு இறங்கவே இல்லை. திரும்பும் வழியில் சூளகிரி தாண்டியதும், “ஏ.சி.ய நிறுத்தச் சொல்லுங்க, குளுருது” என்றாள். ஏ.சி. போடவே இல்லை.

வீட்டில் தண்ணீர்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் என் பழைய சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒரு நகைச்சுவையை யோசித்தேன். சொல்லவில்லை. என்னிடமும் கொஞ்சம் புத்தி இருக்கிறது.

சில நாள் கழித்து, முதல் ஷிப்ட் முடிந்து வாசலில் போனை வாங்கினேன். மச்சானிடமிருந்து அழைப்பு மேல் அழைப்பு. கூப்பிட்டேன்.

“மாமா, எங்க போயிட்டீங்க? காலையில பால் சொசைட்டி வாசல்ல எல்லார் முன்னாலயும் வலிப்பு வந்துடுச்சு. நுரையப் பாத்துட்டு வெறி நாயின்னுட்டாங்க. கொம்பத் தூக்கிட்டு வந்துட்டாங்க மாமா. போன மாசம்தான் ஒரு வெறி நாய் கன்னுக்குட்டியக் கடிச்சுது, அவங்களயும் தப்பு சொல்ல முடியாது. சாக்கப் போட்டு மூடித் தூக்கிகினு போயி மோட்டார் ரூம்ல பூட்டி வெச்சிருக்கேன். நீங்க வந்து இட்டுகினு போனாத்தான் ஆச்சு.”

மனைவி அப்போது அவள் லைனில் இருந்தாள். அவள் போன் அவள் கம்பெனி வாசலில் இருந்தது. அவளிடம் சொல்ல வழி இல்லை. ஒரு வகையில் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் மோட்டார் ரூமின் கதவு மரமா இரும்பா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மரம் என்றுதான் தோன்றியது.

போய்ச் சேர்ந்தபோது ரூமுக்கு வெளியே ஆள்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொம்புகளைப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். மச்சான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். காலையிலிருந்து அப்படியே நிற்கிறான் போலிருந்தது.

நான் வழக்கம்போல ஒரு சிரிப்போடு, “இன்னாங்க, என் பொண்ணுக்கு மாப்ள பாக்க வந்தீங்களா?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மீசை வைத்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “உன் நாயா?”

“ஆமாங்க. வெறி இல்லைங்க. வலிப்பு. ஊசியெல்லாம் போட்டிருக்குது.”

“நீ சொல்லுவ. தண்ணி வெய்யி. வெறி புடிச்சிருந்தா தண்ணியக் கண்டா மெரளும். குடிச்சிச்சுன்னா இட்டுகினு போ. குடிக்கலன்னா பேச்சு இல்ல.”

மச்சான் என் காதருகே, “குடிக்கும் இல்ல மாமா?” என்றான்.

“வீட்ல நல்லாக் குடிக்கும்” என்றேன்.

கதவைத் திறந்தேன். மூலையில் மோட்டாருக்குப் பின்னால் சுருண்டிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், மூன்று பெயரையும். கடைசியில் பட்டையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். மச்சான் சட்டியில் தண்ணீர் வைத்தான். அவள் சட்டியை மோந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“குடிக்கலையே” என்றது ஒரு குரல்.

“கோவம்ங்க. நாங்க வுட்டுட்டுப் போயிட்டோமில்ல, அந்தக் கோவம்.”

“நாய்க்கு இன்னா கோவம்?”

நான் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி நீட்டினேன். விரலிடுக்கில் பாதி கீழே போனது. அவள் என் கையைப் பார்க்கவில்லை. பெரியவர் கொம்பை எடுக்கக் குனிந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தனை பேருக்கும் முன்னால் நாயிடம், “குடிம்மா, உன் கால்ல விழறேன், குடி” என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதை மச்சான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவள் என்னைத் தாண்டி நடந்தாள். தள்ளாடிக்கொண்டே வாய்க்காலுக்குப் போனாள். காலையில் பாய்ச்சிய தண்ணீர் கணுக்கால் ஆழம் தேங்கியிருந்தது. அதில் இறங்கி, உட்கார்ந்து, வயிறு நனைய அப்படியே இருந்தாள். பிறகு குனிந்து குடிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. காலையிலிருந்து பூட்டிய அறையில் தாகம்.

பெரியவர் கொம்பை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. ஆனா இங்க வேணாம். புள்ளைங்க போற வர்ற எடம். வூட்டுக்கு இட்டுகினு போயிடு” என்றார். நியாயமாகத்தான் சொன்னார்.

மச்சான் மாங்காய் ஏற்றும் வண்டியில் எங்களைக் கொண்டுவந்து விட்டான். பைக்கும் பின்னால், நானும் பின்னால், அவளும் பின்னால். ஈர நாயும் நானும் ஒரே சாக்கில் உட்கார்ந்து ஓசூர் வந்தோம்.

மனைவி ஷிப்ட் முடிந்து வந்தபோது நாய் வீட்டில் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். தண்ணீர்த் தட்டை நிமிர்த்தி வைத்தாள். “இப்ப இன்னா பண்றது?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நான் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி என் மகள் வயதுக்காரர்.

“சொல்லுங்க சார்.”

“எனக்கு பர்மனென்ட்டா நைட் ஷிப்ட் வேணும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நைட் வேண்டாம்னுதான் எல்லாரும் வருவாங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா?”

“வலிப்பு சார்.”

“அய்யோ. மேடத்துக்கா?”

“நாய்க்கு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ‘ஆகாது’ பக்கத்துக்குப் போனேன். ஆனால் நைட்டுக்கு ஆள் கிடைக்காத காலம். கிடைத்தது. மாலை மாத்திரை கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், காலை மாத்திரைக்குத் திரும்பி வந்துவிடலாம். மனைவியின் ஷிப்ட் எப்படி வேண்டுமானாலும் சுற்றட்டும், கொடுக்கிற கை ஒன்றே. கேன்டீனில், பெண்டாட்டி என்னை வெளியே தள்ளிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அது நாயைவிட மரியாதையான காரணம்.

மனைவியிடம் சொன்னபோது அவள் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப நாம எப்பதான் பாத்துக்கறது?”

“லீவு நாள்ல.”

“உங்க லீவு வேற, என் லீவு வேற.”

“பஸ் ஜன்னல்ல கையாட்டறேன்.”

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். உருட்டுகிற வேகத்தில் சரியாகத் தெரியவில்லை.

இப்போது இப்படித்தான் ஓடுகிறது. பகல் தூக்கம் எனக்கு வருவதில்லை. வந்தால் கரண்ட் போய்விடுகிறது. கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் பாகத்தைத் திருப்பிப் பார்க்கும்போது சில சமயம் இரண்டாகத் தெரிகிறது. வலிப்பு முழுக்க நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. “இவளுக்கு இதுதான் நல்ல நிலைமை சார்” என்கிறார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் நாயைத்தான் பார்க்கிறார், எங்களை இல்லை.

போன வாரம் நான் உள்ளே நுழையும்போதே வலிப்பு தொடங்கிவிட்டது. மனைவிக்கு இரண்டாவது ஷிப்ட், வீட்டில்தான் இருந்தாள். இருவரும் நாற்காலியை நகர்த்தி, தலைக்கடியில் துணியை வைத்து, தள்ளி உட்கார்ந்தோம். உதறல் அடங்கியது. நாய் எழுந்து நின்று எங்களைப் பார்த்து உறுமினாள். வலிப்பு முடிந்ததும் சற்று நேரம் அவளுக்கு யாரையும் தெரியாது. அப்போது கிட்டே போகக் கூடாது. நான் ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் இருந்தேன். மனைவி எதிர்ச் சுவரோரம். ஒரே நேரத்தில் இருவரும் ஒரே அறையில் விழித்திருந்து பல நாள் ஆகியிருந்தது.

உறுமல் நின்றது. வால் ஒரு முறை அசைந்தது. என்னைத் தாண்டி, மனைவியிடம் போய், அவள் முழங்காலில் கழுத்தைத் தேய்த்தாள். பட்டையைக் கழற்றி வெகுநாள் ஆகிறது, கழுத்தில் ஒன்றும் இல்லை. மனைவியின் கை பாதி வழி போய் நின்றது. என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணும் கட்டல” என்றேன்.

“தெரியும்” என்றாள். கையைத் திருப்பி, புறங்கையால் நாயின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள்.